நாற்பது நாள் தண்ணீர்

என் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டால்டா டின் இருக்கிறது. டின் நிறைய மண். தினமும் காலையில் கடை திறந்ததும் அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். சங்கராபுரம் கடைத்தெருவில் வேலை இல்லாதவர்களுக்கா பஞ்சம்? வருகிறவன் போகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்து, “இன்னா பாய், ரோஜாச் செடியா?” என்று கேட்கிறான். போன வாரம் ஒருவன் புளி வாங்க வந்த இடத்தில், “மண்ணுக்குத் தாகமா பாய்?” என்று சிரித்தான். புளி கிடையாது போ என்று அனுப்பிவிட்டேன். கேட்கிற ஒவ்வொருவனுக்கும் பதில் சொல்லி மாளாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் காஜா மைதீன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளி, கடுக்காய், சீயக்காய், சாமை, தேன் எல்லாம் வாங்கி விற்கிற மலைச்சரக்குக் கடை என்னுடையது. ஆனால் நான் சொல்ல வந்தது பாப்பாத்தியைப் பற்றி.

ரிஷிவந்தியம் போகிற வழியில் ஓடையை ஒட்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். அந்த ஊர்க் கந்தசாமியின் மகள் பாப்பாத்தி. புருஷன் பாம்பு கடித்துச் செத்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் ஆறு மாதம் தாக்குப்பிடித்துப் பார்த்தாள். அப்புறம் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். கந்தசாமி நல்ல மனுஷன். சாகிறதுக்கு முன்னால் ஊர்க்காரர்கள் நாலு பேரை வரவழைத்து, “எம் பொண்ணுக்கு எழுவது சென்ட்டு” என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். எந்த எழுபது சென்ட் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை போதும் அண்ணன்காரனுக்கு.

அவன் பெயர் தெய்வசிகாமணி. பெயரில்தான் தெய்வம். கிணற்றடி நிலம், களத்துமேட்டு நிலம் எல்லாவற்றையும் தன் பக்கம் வைத்துக்கொண்டு, ஓடையோரமாக நீளவாக்கில் ஒரு துண்டை அளந்து தங்கைக்குக் கொடுத்தான். பத்திரத்தில் எழுபது சென்ட். கால் வைத்து நடந்தால் ஐம்பதுதான் வரும். மிச்சம் இருபதை ஓடை எப்போதோ தின்று முடித்திருந்தது. இதென்ன அண்ணா நியாயம் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை, பதினெட்டு வருஷம் கழித்தும் பாப்பாத்தி எழுத்துப் பிசகாமல் சொல்வாள்.

“ஓடை தின்னதுக்கு நான் இன்னா பண்றது? அது தெய்வச் செயலு. போய் ஓடைகிட்ட கேளு.”

கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது?

அந்த ஐம்பது சென்ட்டில் மானாவாரிக் கம்பும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுத்தான் அவள் சாப்பிட்டாள். வேறு வழி ஒன்றும் இல்லை. ஐப்பசி அடைமழை பிடித்தால் போச்சு, கரை பொத்துப் பொத்தென்று விழும். ஒரு மழைக்கு ஒரு முழம். கல் அடுக்கிப் பார்த்தாள், நொச்சி நட்டுப் பார்த்தாள். அடுத்த வெள்ளத்தில் கல்லும் இல்லை, நொச்சியும் இல்லை. மலை ஓடைக் கரைகளில் மூங்கில் நிற்கிற இடத்தில் மட்டும் மண் கரையாது என்று யாரோ அவள் காதில் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து மூங்கில் பைத்தியம் பிடித்துவிட்டது.

எழுபத்தொன்பதாம் வருஷம் பங்குனி மாதம் என் கடைக்கு வந்தாள். அந்த வருஷம் மலையில் மூங்கில் பூத்திருந்தது. மூங்கில் நாற்பது வருஷத்துக்கு ஒருதரம் பூக்கும், நெல் மாதிரி விதை கொட்டும், அப்படியே புதரோடு காய்ந்து சாகும். குத்திச் சோறாக்கிச் சாப்பிடுகிற அந்த மூங்கில் நெல் என் கடையில் மூட்டையாகக் கிடந்தது. அதில் ஒரு கை அள்ளி அவள் கேட்டாள்.

“பாய், இத வெதச்சா மொளைக்குமா?”

“நெல்லு மொளைக்காம இன்னாம்மா பண்ணும்?” என்றேன் நான். வியாபாரி வாய்க்குப் பூட்டு ஏது? இரண்டு படி அளந்து கொடுத்தேன்.

நாற்பது நாள் கழித்து வந்தாள். இடுப்பில் ஒரு டால்டா டின். டின்னை என் கல்லா மேல் அப்படியே கவிழ்த்தாள். ஈர மண்ணும் அழுகின நெல்லும் கல்லா முழுக்கப் பரவியது.

“முப்பது டின்னு, பாய். ஊர் பூரா பொறுக்கிச் சேத்த டின்னு. எங்க வூட்டாண்ட கெணறு கெடையாது. தெனம் ரெண்டு பர்லாங் நடந்து தண்ணி தூக்கி ஊத்தினேன். நாப்பது நாளு. ஒண்ணே ஒண்ணு மொளைக்கல. எங்கண்ணி தங்கமணி தெனம் வந்து நின்னுக்கினு சிரிக்கிறா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய் என் மனைவி அத்தியாவைக் கேட்டேன். “பச்சையாக் குத்தினா நொய்யாப் போவுமேன்னு அவிச்சுக் காய வச்சேன். நெல்லுன்னா அவிக்கத்தானே செய்வாங்க?” என்றாள். நெல் அவித்தே பழகின ஊர் எங்களுடையது. அவள்மேல் குற்றம் இல்லை. அது சோற்று நெல்லா விதை நெல்லா என்று கேட்காமல் அளந்து கொடுத்த நான்தான் முட்டாள். வயல் நெல்லாக இருந்தால் பாப்பாத்தி மோந்து பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். இது மலைச் சரக்கு, அவளும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். மண்ணையெல்லாம் கையால் கூட்டித் திரும்ப டின்னில் போட்டுக்கொண்டே, “அவிச்சதுக்கா தண்ணி ஊத்தினேன்” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

எனக்குச் சரக்குக் கொண்டுவருகிற பச்சமுத்து மலைக்காரர். அவரிடம் கேட்டால், “வேர்க் கெழங்கு தோண்டி நட்டாலும் ஆவாது பாய், பூத்த பொதரோட கெழங்கு பூத்துக்கினே சாவும். வெதைதான் வேணும். எங்க பக்கத்துச் சரிவுல இன்னும் கொஞ்சம் கெடக்கும், மழை வுழறதுக்குள்ள வந்துடுங்க. இத வுட்டா அடுத்த பூப்பை நீங்களும் பாக்க மாட்டீங்க, நானும் பாக்க மாட்டேன்” என்றார். வைகாசியில் வெள்ளிமலை பஸ் பிடித்தோம். நான், அத்தியா, பாப்பாத்தி. பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் நடை. சரிவு முழுக்க மூங்கில் வைக்கோல் நிறத்தில் செத்து நின்றது. எலியும் காட்டுக்கோழியும் தின்றது போக மிச்சத்தை, சருகைக் கையால் ஒதுக்கி ஒதுக்கிப் பாப்பாத்தி பொறுக்கினாள். மூங்கில் முள் கிழித்து முழங்கை வரை ரத்தம். ஒரு படி தேறியது. அத்தியா தொட வந்தபோது, “நீ கிட்ட வராத தாயீ, கண்ணாலயே அவிச்சிடுவ” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அவள் சிரித்து நான் பார்த்தது அதிகம் இல்லை.

அந்த விதையை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, எருவும் ஆற்று மணலும் கலந்த டின்களில் போட்டு, மேலே வைக்கோல் மூடினாள். பன்னிரண்டாம் நாள் முளைத்தது. பார்த்தால் புல். நாலு மாதம் ஆகியும் புல். ஊரே சிரித்தது. ஒருநாள் அவள் களை எடுக்கப் போன நேரம் பார்த்துத் தங்கமணி ஆட்டை அவிழ்த்து விட்டாள். கேட்டால், “வாயில்லா ஜீவனுக்குத் தெரியுமா, புல்லு எது மூங்கில் எதுன்னு?” என்றாளாம். ஆட்டுக்குத் தெரியாது, சரி. அவிழ்த்து விட்டவளுக்குமா தெரியாது? முளைத்த அறுபது நாற்றில் இருபத்து மூன்று தப்பியது. அந்த இருபத்து மூன்றையும் குடிசைக்குள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்து, அடுத்த ஆடியில் கொண்டுபோய்க் கரையில் நட்டாள்.

நடுகிற அன்றைக்குத் தெய்வசிகாமணி கரைமேல் நின்று கத்தினான். “மூங்கில் வெச்சா குடும்பத்துக்கு ஆவாதுடி. தாலி நிக்காது.”

“தாலி போனவளுக்கு இனிமே இன்னாண்ணா போவும்?” என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த குழி தோண்டினாள்.

மூன்று வருஷம் அது புதரா புல்லா என்றே தெரியவில்லை. நாலாம் வருஷம் கோல் விட்டது. ஏழாம் வருஷம் கரை முழுக்க முள்வேலி போட்டது போல நின்றது. எந்த மழைக்கும் ஒரு முழம்கூட விழவில்லை. அதுமட்டுமா, வெள்ளம் கொண்டுவந்த வண்டல் மூங்கில் காலில் தங்கித் தங்கி, ஓடை தின்ற இருபது சென்ட்டில் பாதி திரும்பி வந்தது. அந்த வண்டலில் அவள் கத்தரி போட்டாள்.

ஆகாது ஆகாது என்ற ஊர் என்ன செய்தது தெரியுமா? யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பாடை கட்டப் பச்சை மூங்கில் வேண்டுமென்று முதல் ஆளாக அவள் வாசலில்தான் போய் நின்றது. அவளும் இல்லையென்று சொன்னதில்லை. பெற்ற தாய் பெரியநாயகி செத்தபோது தெய்வசிகாமணியே வந்து இரண்டு கோல் வெட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு ஆயிற்று.

தொண்ணூற்று மூன்று கார்த்திகையில் பெருவெள்ளம் வந்தது. பாப்பாத்தி நிலத்துக்கு மேலண்டையில் தெய்வசிகாமணி நிலம். ஓடை அவன் நிலத்தைத் தொட்டுத்தான் இவள் நிலத்துக்கு வரும். வெறும் மண் கரை. ஒரே ராத்திரியில் நாற்பது சென்ட் போய்விட்டது. அடுத்த வாரமே மாரியம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூட்டிவிட்டான். அவள் மூங்கில்தான் தண்ணீரைத் தடுத்து அவன் நிலத்தில் ஏற்றிவிட்டதாம். மூங்கிலை வேரோடு தோண்ட வேண்டுமாம். வண்டல் சேர்ந்ததால் அவளுக்கு நிலம் ஜாஸ்தியாகிவிட்டதாம், தனக்குக் கம்மியாகிவிட்டதாம், திரும்ப அளந்து பங்கு பிரிக்க வேண்டுமாம். கேட்டீர்களா அநியாயத்தை! மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. ஓடை அவள் நிலத்தைத் தின்றால் தெய்வச் செயல், அவன் நிலத்தைத் தின்றால் அவள் செயல்.

நான் புளி பேச அந்த ஊருக்குப் போனவன், பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன். பஞ்சாயத்துப் பெரியவர் ராஜாங்கம், “பாய், நீங்க வெளியூரு. யாவாரத்தைப் பாருங்க” என்றார். அப்போதுதான் பாப்பாத்தி எழுந்தாள்.

“தோண்டிடுறேன். யாரு வூட்டுச் சாவுக்கு எம் மூங்கில் வரலியோ, அவங்க வந்து மொத மண்வெட்டி போடட்டும்” என்றாள். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னாள். “ராஜாங்கம் மாமா, உங்க சம்சாரத்துக்கு ரெண்டு கோலு. தங்கதுரை, உங்கப்பனுக்கு ரெண்டு. எங்கம்மாவுக்கு ரெண்டு. அது நல்லாத்தானே தாங்கிச்சு? அன்னிக்கு ஆவும், இன்னிக்கு ஆவாதா?”

ராஜாங்கம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“ஓடை தின்னதுக்கு நான் இன்னா பண்றது, ஓடைகிட்ட கேளுன்னு எங்கண்ணன் எனக்குச் சொன்னாரு. நான் அப்பிடிச் சொல்ல மாட்டேன். எம் பொதரு இன்னும் பூக்காத நல்ல பொதரு. கெழங்கு வேணும்னா வந்து கேக்கச் சொல்லுங்க. நானே தோண்டி, நானே நட்டுத் தரேன். ஆனா அவரு வாயால வந்து கேக்கணும்.”

மூங்கில் தப்பியது. அண்ணன்காரன் கேட்கவில்லை. பெண்பிள்ளையிடம், அதுவும் தான் ஏமாற்றின தங்கையிடம் போய் நிற்பதற்கு மீசை இடம் கொடுக்கவில்லை. பிறகு என்ன செய்தான்? தொண்ணூற்று நாலு சித்திரையில் என் கடைக்கு வந்தான். எழுபத்தொன்பதில் பூக்காமல் விட்ட வேறொரு சரிவு மூங்கில் அந்த வருஷம் மலையில் பூத்திருந்தது.

“பாய், மூங்கில் வெதை ரெண்டு படி வேணும். எந் தங்கச்சிக்குத் தெரிய வேணாம்.”

கடையில் இரண்டு மூட்டை இருந்தது. ஒன்று பச்சை. இன்னொன்று அத்தியா அவித்துக் காயவைத்தது. எனக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஓடைகிட்ட கேளு என்றவன். ஆட்டை அவிழ்த்து விட்டவளின் புருஷன். தாலி நிக்காது என்று தாலியில்லாதவளிடம் சொன்னவன். இருடா, நீயும் நாற்பது நாள் ஊற்றிப் பார் என்று நினைத்தேன். அவித்த மூட்டையில் இரண்டு படி அளந்து, “நல்ல வெதை” என்று வாய்கூசாமல் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அத்தியாவிடம்கூடச் சொல்லவில்லை. பாப்பாத்திக்காக நான் கணக்குத் தீர்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைக் கேட்டாளா? இல்லை.

அவன் திரும்ப வந்து என்னைக் கேட்கவும் இல்லை. ரகசியமாக விதைத்தவன் எந்த முகத்தோடு வந்து கேட்பான்?

போன கார்த்திகையில் மறுபடி வெள்ளம். தெய்வசிகாமணியின் வெறும் கரை இடிந்தது. ஓடை அவன் நிலத்துக்குள் புகுந்து, அங்கிருந்து வளைந்து, பாப்பாத்தியின் மூங்கிலுக்கு முன்பக்கம் வராமல் முதுகுப் பக்கமாக வந்தது. மூங்கில் ஒரு கோல் சாயவில்லை. அதற்குப் பின்னாலிருந்த நிலம்தான் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தேன். ஓடைக்கு நடுவில் திட்டு மாதிரி மூங்கில் நிற்கிறது, இரண்டு பக்கமும் தண்ணீர். கம்பு போட்ட இடம் இல்லை. கத்தரி போட்ட இடம் இல்லை. பன்னிரண்டு சென்ட் மிச்சம். அவளுக்கு ஐம்பது வயது.

தை பிறந்து சாமை வாங்க வந்தாள். அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை. சாமையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எங்கண்ணன் வந்தாரு பாய். அவரு வாயாலயே கேட்டாரு, கெழங்கு குடும்மான்னு. மூணு வருசம் முன்ன வெதை வாங்கியாந்து போட்டாராம், ஒண்ணுகூட மொளைக்கலியாம். உனக்குச் செஞ்ச பாவம்தான், எங் கை ராசியத்துப் போச்சுன்னு கொழந்த மாதிரி அழுவுறாரு. நல்ல வெதை வாங்கியாந்தும் அவரு கையில மொளைக்கல பாரு, பாவம்.”

பாவமாம்! அவனைப் பாவம் என்கிறாள்! எத்தனையோ பொய் சொல்லி வியாபாரம் செய்திருக்கிறேன். இதை விழுங்க முடியவில்லை.

“அது நல்ல வெதை இல்லம்மா. அவிச்சது. தெரிஞ்சேதான் குடுத்தேன். உனக்காகத்தான்...”

சாமைப் பையைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவள் சத்தம் போட்டுக் கேட்டேன். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

“எனக்காவா? நான் கேட்டனா பாய்? வெதை இல்ல, போன்னு சொல்லியிருந்தீங்கன்னா அந்த மனுசன் வேற வழியில்லாம அப்பவே எங்கிட்ட வந்திருப்பாரு. நான் கெழங்கு நட்டிருப்பேன். மூணு வருசத்துல புடிச்சிருக்கும். அவரு கரை நின்னாத்தான் எங் கரை நிக்கும்னு ஓடையோரத்துல இருக்கிற எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. எங்கண்ணன் எனக்கு இருவது சென்ட்டு கொறைச்சுக் குடுத்தாரு. நீங்க மிச்சத்தையும் குடுத்துட்டீங்க ஓடைக்கு.”

பதினெட்டு வருஷமாக ஊரில் உள்ள எல்லோர்மேலும் கோபப்பட்டேன். தெய்வசிகாமணியை, தங்கமணியை, ராஜாங்கத்தை. அவர்கள் செய்ததெல்லாம் அநியாயம்தான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவள் நிலத்தை முடித்து வைத்தவன் நான்.

பாப்பாத்தி விடுவிடென்று வெளியே போனாள். பக்கத்து ஓட்டலில் காலி டால்டா டின் ஒன்று கேட்டு வாங்கி வந்தாள். சாக்கடையோரம் இருந்து மண் அள்ளி நிரப்பினாள். “அந்த நெல்லு இருக்குதா?” என்றாள். மூட்டை அடியில் விலை போகாமல் கொஞ்சம் கிடந்தது. ஒரு பிடி எடுத்துக் கொடுத்தேன். மண்ணில் புதைத்து, டின்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுக்குத் தண்ணி ஊத்துங்க. நாப்பது நாளு. மொளைக்காதுன்னு தெரிஞ்சிக்கினே ஊத்துங்க. நாங்க தெரியாம ஊத்துனோம்.”

சாமையை எடுக்காமலே போய்விட்டாள். அண்ணனும் தங்கையுமாகத் திட்டில் கிழங்கு தோண்டி, புதுக் கரையில் நட்டுக்கொண்டிருப்பதாக அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். நாற்பதாம் நாள் வருவதாக அவள் சொல்லவில்லை. வருவாளா என்று எனக்குத் தெரியாது.

இன்றைக்கு முப்பத்தொன்பதாம் நாள். காலையில் கடை திறந்ததும் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, டின்னுக்குள் குனிந்து பார்த்தேன், பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று.